தோட்டத்துப் பிள்ளை புக்கர் நாவலைக் குறை சொல்லலாமா?

தம்பி,

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புக்கர் போன்ற பெரிய இலக்கியப் பரிசுகள் வாங்கிய மூன்று அயல்நாட்டு நாவல்களை வாசித்திருக்கிறீர்கள். சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்' சலிப்புத் தட்டியது. ஹான் காங்கின் 'த வெஜிடேரியன்' பாதிக்கு மேல் பிடிபடவில்லை. ரிச்சர்ட் ஃபிளானகனின் 'த நேரோ ரோட் டு த டீப் நார்த்' கோபத்தைக் கிளப்பியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையைப் பற்றிய கதையில் நம் ஆட்கள், மலாயாத் தமிழர்கள், எங்கே என்று நண்பர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். "இலக்கியத்தை அப்படியெல்லாம் வாசிக்கக் கூடாது" என்று அவர்கள் வாயை அடைத்துவிட்டார்கள். "தோட்டத்தில் பிறந்து தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லையா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு வாசிக்கத் தெரியும். இதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் உங்கள் மூன்று கருத்துகளும் பாதி வழியில் நின்றுவிட்டன. அவற்றை முழுத் தூரம் நடத்திச் சென்றிருந்தால் நண்பர்கள் அவ்வளவு எளிதாக வாயை அடைத்திருக்க முடியாது.

நான் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் இருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தின் பின்னறையில் ஒன்பது பத்துப் பேர் கூடி ஒரு நாவலைப் பேசுகிறோம். ஒரு தாதி, இரண்டு ஆசிரியைகள், செம்பனைத் தோட்டத்தில் இன்னும் வேலை செய்யும் ஒரு அண்ணன், முப்பத்தைந்து வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய ஒரு பெரியம்மா. பெரியம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். ஆங்கில நாவலாக இருந்தால் எங்களில் ஒருவர் அவருக்குக் கதையை முழுக்கச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அப்படிச் சொல்லும்போதுதான் நாம் எதை வாசித்தோம், எதைத் தாண்டிக் குதித்தோம் என்பது நமக்கே தெரியவரும்.

ரயில் பாதையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கோபம் எனக்கும் வந்த கோபம்.

என் பாட்டியின் தம்பியைப் பெரட்டுக் களத்திலிருந்து, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்திலிருந்து, ஜப்பானியர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காலையில் பெயர் கொடுக்க வந்தவர், கையில் மரம் சீவும் கத்தியோடு நின்றவர். திரும்பி வரவில்லை. எந்த நாளில், எந்த முகாமில், காலராவிலா மலேரியாவிலா என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் இறந்த போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். காஞ்சனபுரியில் இருக்கும் பெரிய கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேர் வரிசையாக, பெரும்பாலும் பெயரோடு, புதைக்கப்பட்டிருக்கிறார்கள். மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என்று ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்களோ 90,000 வரை இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணிப்பு. அவர்களுக்குச் சரியான பதிவேடு வைக்கப்படவில்லை. ஆகவேதான் எல்லாம் கணிப்பாகவே நிற்கிறது.

ஃபிளானகனின் அப்பா அந்தப் பாதையில் வேலை செய்து உயிர் பிழைத்த ஆஸ்திரேலியக் கைதி. நாவலின் முதல் பக்கத்தில் இருக்கும் காணிக்கை அவருடைய கைதி எண்ணுக்குத்தான். ஜப்பானிய மொழியில் சொல்லப்பட்ட 335. அந்த ஒற்றை வரியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். அவருக்கு ஒரு எண்ணாவது இருந்தது. எங்கள் பாட்டியின் தம்பிக்கு அதுகூட இல்லை.

இதுவரை நீங்களும் நானும் ஒரே இடத்தில் நிற்கிறோம். இனி அந்தக் கோபத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நாவலுக்குள் திரும்பிப் போங்கள். சோய் சாங்-மின் என்ற கொரியக் காவலன் நினைவிருக்கிறதா? கைதிகளை அடித்து நொறுக்குகிறவன். போர் முடிந்ததும் அவனைத் தூக்கிலிடுகிறார்கள். சாவுக்கு முன் அவன் மனத்தில் ஓடுவது தேசமும் இல்லை, பேரரசரும் இல்லை, தனக்கு வரவேண்டிய ஐம்பது யென் சம்பளம். எங்கள் கூட்டத்தில் இந்தப் பகுதியைச் சொன்னபோது செம்பனைத் தோட்டத்து அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவனும் கூலிதானே சார்" என்றார். ஆம், அவனும் கூலிதான். ஜப்பான் பிடித்த நாட்டிலிருந்து வந்து, ஜப்பானுக்காக அடித்து, ஜப்பானின் குற்றத்துக்குத் தூக்கில் தொங்கியவன். அவனுக்கு மேலே இருந்த நகமுரா என்ற அதிகாரியோ போருக்குப் பின் குடும்பம் நடத்தி, தன்னை நல்ல மனிதன் என்றே நம்பிக்கொண்டு முதுமை அடைகிறான்.

உங்கள் விமரிசனம் இங்கேதான் கூர்மையடைய வேண்டும். வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனைப் பற்றித்தான் எழுதுவான் என்று சொல்லி நிறுத்தினால் அது நாவலைத் தொடாத கருத்து. இந்த எழுத்தாளர் ஐம்பது யென்னின் எடை அறிந்தவர். அடிப்பவனுக்குள்ளேயே ஒரு கூலியைப் பார்க்கத் தெரிந்தவர். அவ்வளவு கண் உள்ளவரின் நாவலிலும், அதே பாதையில் அதைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் செத்தவர்கள் ஓரத்தில்தான் வருகிறார்கள் என்றால், அந்த வெற்றிடம் இன்னும் அதிகமாக வலிக்கிறது. இப்படிச் சொல்லிப் பாருங்கள். எந்த நண்பர் வாயை அடைக்கிறார் என்று பார்ப்போம்.

அதே மூச்சில் நாவலின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அது டோரிகோ எவன்ஸ் என்ற மருத்துவரின் நினைவுக்குள் நடக்கும் கதை. அவன் கண் போகாத இடத்துக்கு அது போவது கடினம். தலை வெட்டுவதையும் ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோவின் கவிதையையும் ஒரே பேச்சில் பேசிக்கொள்ளும் அதிகாரிகள் வரும் அத்தியாயம், நான் வாசித்த போர் நாவல்களிலேயே அச்சம் தருவது. மருத்துவருக்கும் அவருடைய மாமாவின் இளம் மனைவிக்கும் இடையிலான காதல் பகுதிதான் என் கணிப்பில் நாவலின் பலவீனம். முகாமில் ஒரு சொல்கூட வீணாக்காத எழுத்து, கடற்கரையில் தளர்ந்துவிடுகிறது.

நம் ஆட்கள் எங்கே என்ற கேள்விக்கு இன்னொரு விடையும் உண்டு. அவர்கள் தமிழில் இருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்', நம் சுங்கை பட்டாணிக்காரர் கோ. புண்ணியவானின் 'கையறு' ஆகிய மூன்றும் அந்தப் பாதையில் போன நம்மவர்களின் கதைதான். ஃபிளானகனுக்கு 2014-இல் புக்கர் பரிசு கிடைத்தது, உலகம் முழுக்க வாசித்தது. இந்த மூன்றையும் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? உங்கள் கோபத்தில் ஒரு பங்கு நம் பக்கமும் திரும்ப வேண்டும் என்று அன்போடு சொல்கிறேன். நாங்கள் 'கையறு'வையும் ஃபிளானகனையும் அடுத்தடுத்த மாதங்களில் வைத்துக்கொண்டோம். நல்ல முடிவு. ஒன்றில் இருட்டாக இருந்த மூலையில் மற்றது விளக்கேற்றியது.

'ஆர்பிட்டல்' பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2024-இல் புக்கர் வாங்கிய சிறிய நாவல். விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், ஒரே நாள், பூமியைப் பதினாறு சுற்று. கதை என்று பெரிதாக எதுவும் நகராது. சலித்துப் போனது என்று நீங்கள் சொன்னதில் குற்றமே இல்லை. எந்தச் சுற்றில் சலித்தது என்று சொன்னால்தான் அது கருத்தாகும். எனக்கு ஆறாவது ஏழாவது சுற்றில், கண்டங்களின் நிறங்களையே திரும்பத் திரும்ப வருணித்தபோது சலித்தது. ஆனால் சியே என்ற ஜப்பானியப் பெண்ணின் தாய் கீழே பூமியில் இறந்துபோகிறாள், மகள் மேலே சுற்றிக்கொண்டே இருக்கிறாள், இறங்கி வர வழியில்லை. அந்தப் பக்கங்களில் எனக்குச் சலிப்பு இல்லை. கடல் தாண்டி இங்கே வந்த நம் முன்னோர் எத்தனை பேர், ஊரில் தாய் இறந்த செய்தி கடிதமாக வந்து சேர்ந்தபோது பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு நின்றிருப்பார்கள். ஹார்வி அதை நினைத்து எழுதியிருக்கப் போவதில்லை. வாசிக்கும்போது என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

'த வெஜிடேரியன்' பிடிபடாமல் போனதற்கு ஒரு காரணம் அதன் அமைப்பு. இறைச்சி உண்பதைத் திடீரென நிறுத்திவிடும் யோங்-ஹே என்ற பெண்ணின் கதை அது. அவளோ கதையைச் சொல்வதில்லை. முதல் பகுதியைக் கணவன் சொல்கிறான். இரண்டாவது அக்காள் கணவனைச் சுற்றியும், மூன்றாவது அக்காளைச் சுற்றியும் போகின்றன. அவளுடைய குரல் சில கனவுத் துண்டுகளில் மட்டும் கேட்கிறது. எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள், யாரும் அவளிடம் கேட்பதில்லை. நாமும் அந்த வரிசையில் நின்று அவளைப் பார்த்துவிட்டு, புரியவில்லை என்கிறோம். அந்தப் புரியாமைக்காகவே நாவல் அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

சமயவேல் மொழிபெயர்ப்பில் 'மரக்கறி' என்ற பெயரில் இது தமிழில் வந்திருப்பதால் பெரியம்மா தானே வாசித்தார். குடும்ப விருந்தில் அப்பா மகளை அறைந்து, வாயில் இறைச்சியைத் திணிக்கும் காட்சியைப் பற்றி நாங்கள் எல்லாரும் குறியீடு, வன்முறை, சமூகம் என்று பேசிக்கொண்டிருந்தோம். பெரியம்மா வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "அந்த வீட்டில் பாவம் என்றால் அக்காக்காரிதான்" என்றார். "தங்கச்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விட்டாள். பெரியவள் கடை நடத்துகிறாள், பிள்ளையைப் பார்க்கிறாள், ஆஸ்பத்திரிக்கும் போகிறாள். விட்டுவிட்டுப் போக அவளுக்கு நேரம் இல்லை." அக்காளான இன்-ஹே இதுவரை தான் வாழவே இல்லை, தாங்கிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறோம் என்று உணரும் இடம் மூன்றாவது பகுதியின் உயிர். மூன்று வேளையும் சமைத்து, இருட்டோடு எழுந்து மரம் சீவப் போன ஒருவர் நேராக அந்த உயிரைத் தொட்டுவிட்டார். நான் படித்த எந்த விமரிசனத்தையும்விட அந்த ஒரு கருத்தை நான் மதிக்கிறேன்.

இந்த நாவலுக்கு 2016-இல் சர்வதேச புக்கர் கிடைத்தபோது பரிசுத் தொகையை ஹான் காங்கும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டெபோரா ஸ்மித்தும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். பிறகு கொரிய மொழி அறிந்தவர்கள் அந்த ஆங்கில நடையில் பிழைகளும் மூலத்தில் இல்லாத அலங்காரமும் இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே ஹான் காங்கின் நடை இப்படி என்று எழுதும்போது கொஞ்சம் தயங்குங்கள். நடையைப் பற்றிச் சொல்வதைவிட, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றிச் சொல்வது பாதுகாப்பானது.

நீங்கள் பட்டியலில் வைக்காத ஒரு நாவலை இப்போது சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு உலக இலக்கியத்தில் என்ன தகுதி என்று யாராவது கேட்டால், நான் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். 2021-இல் நோபெல் பரிசு பெற்ற அப்துல்ரசாக் குர்னாவின் 'பாரடைஸ்', 1994-இல் வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பன்னிரண்டு வயது யூசுப்பை அஸீஸ் மாமா தன்னோடு அழைத்துச் செல்கிறார். வந்து போகும்போதெல்லாம் கையில் ஒரு காசு கொடுக்கும் மாமா, அவர் வந்தால் வீட்டில் விருந்து சமைப்பார்கள். போன இடத்தில் காலீல் என்ற பையன் உண்மையைப் போட்டு உடைக்கிறான்: அவர் உன் மாமா இல்லை. உன் அப்பா பட்ட கடனுக்கு நீ ஈடு.

ஓர் உறவுப்பெயருக்கு அடியில் ஒரு கடன் பத்திரம் ஒளிந்திருக்கும் என்பதை நமக்கு யாராவது விளக்க வேண்டுமா? ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிக்கப்பட்ட பிறகும், 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். சொந்த ஊர்க்காரர், சொந்தச் சாதிக்காரர், பல நேரம் சொந்தக்காரர். மாமா என்றும் பெரியப்பா என்றும் கூப்பிட்டுக்கொண்டே கப்பல் ஏறியவர்கள், இறங்கும்போது முன்பணக் கணக்கில் அவர் பெயருக்குக் கீழே இருந்தார்கள். குர்னாவைப் பற்றி எழுதுகிறவர்கள் காலனியம், இடப்பெயர்வு என்று பெரிய சொற்களில் எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் 'மாமா' என்ற சொல் நாவலில் எந்தப் பக்கத்தில் செத்துப்போகிறது என்பதை நாம்தான் விரல் வைத்துக் காட்ட முடியும். முறை வைத்துக் கூப்பிடும் பழக்கம் ஆங்கிலத்தில் அவ்வளவு இல்லை.

நம் ஊரே நாவலானால் என்ன ஆகிறது என்பது வேறு கதை. கே. எஸ். மணியம் பீடோங்கில் பிறந்தவர். 1981-இல் வந்த 'த ரிட்டர்ன்' இந்த மண்ணில்தான் நடக்கிறது. இந்தியாவிலிருந்து பித்தளை விளக்கோடு வந்த பெரியாத்தாள் தன் குடிசையும் நிலமும் காகிதத்தில் தன்னுடையது அல்ல என்று தெரிந்து உடைந்துபோகிறாள். அவள் மகன் மருத்துவமனையில் சலவை வேலை செய்கிறவர், அதே நிலப்பித்தால் கடைசியில் அழிகிறார். பேரன் ரவி ஆங்கிலம் படித்து இங்கிலாந்து வரை போய்த் திரும்புகிறான். இதைப் பேசிய ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் கூட்டம் மதியம் இரண்டு மணி வரை நீண்டது. ரவியின் அப்பா பைத்தியம் பிடித்துச் செத்தார் என்று ஆசிரியை ஒருவர் சொல்ல, "பட்டா இல்லாதவனுக்கு வரும் நோய் அது, பைத்தியம் என்று சொல்லாதீர்கள்" என்று அண்ணன் குரலை உயர்த்திவிட்டார். அவருடைய தோட்டம் துண்டாடப்பட்டபோது அவர் குடும்பம் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு வெளியேறியது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆனாலும் அன்று எங்களிடம் ஒரு குறை இருந்தது. ஊரைச் சரிபார்ப்பதிலேயே பாதி நேரம் போய்விட்டது. இந்தத் தெரு எங்கே, அந்த மருத்துவமனை எது, இப்படி ஒருவர் இருந்தாரா. நம்மைப் பற்றிய நாவல் என்றால் சாட்சி சொல்லப் போய்விடுகிறோம், வாசிப்பது நின்றுவிடுகிறது. ரவி தன் மக்களைப் பார்க்கும் பார்வையில் ஒரு தூரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்து ஆங்கிலம் அவனுக்குள் போட்ட தூரம் அது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த முறை அந்த நாவலை எடுக்கும்போது அங்கிருந்து தொடங்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

மலேசிய நகரமான ஈப்போவைக் களமாகக் கொண்ட ப்ரீத்தா சமரசனின் 'ஈவ்னிங் இஸ் த ஹோல் டே' (2008) நாவலையும் அவசியம் வாசியுங்கள். தலைப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? குறுந்தொகை 234, மிளைப்பெருங்கந்தனார் பாட்டு: "பகலும் மாலை துணையி லோர்க்கே." துணை இல்லாதவர்களுக்குப் பகல் முழுவதும் மாலைதான். பெரிய வீட்டில் வேலைக்காரியாக இருக்கும் செல்லத்தின் சம்பளத்தை மாதாமாதம் குடிகார அப்பன் வந்து வாங்கிக்கொண்டு போகிறான். அந்தப் பெண்ணுக்கு அந்த வரியை வைத்துப் பாருங்கள். சங்கப் பாடலில் காதலன் பிரிந்த பெண்ணின் மாலை அது. இங்கே யாருமே இல்லாத ஒரு பெண்ணின் மாலை. இந்தத் தலைப்பு ஆங்கில வாசகருக்கு ஓர் அழகான வாக்கியம். தமிழ்ப்பள்ளியில் படித்த உங்களுக்கு அது ஒரு கதவு. படிப்பை எண்ணிக் கூச்சப்படுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எழுதும் முறை பற்றியும் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பின்னட்டையில் இருக்கும் புகழுரையை வாசித்து முடிக்கும்வரை பார்க்காதீர்கள். சலிப்போ கோபமோ அழுகையோ வந்த பக்கத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசிக்காத ஒருவரிடம், முடிந்தால் உங்கள் அம்மாவிடம், கதையைச் சொல்லுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியிலிருந்து எழுதத் தொடங்குங்கள். பிடிக்காத நாவலில் பிடித்த ஒரு பக்கத்தையும், பிடித்த நாவலில் தளர்ந்த ஒரு பக்கத்தையும் கட்டாயம் சொல்லுங்கள். அது மரியாதைக்காக அல்ல. அப்போதுதான் நீங்கள் முழுதாக வாசித்தீர்கள் என்று எதிரில் இருப்பவர் நம்புவார்.

அடுத்த முதல் ஞாயிறு நாங்கள் 'நினைவுச்சின்னம்' பேசுகிறோம். காலை ஒன்பதரைக்கு, மழை பெய்தாலும் கூடுவோம். சுங்கை பட்டாணியிலிருந்து பஸ்ஸில் வந்தால் பீடோங் கடைத்தெருவில் இறங்குங்கள், கோயில் கோபுரம் தெரியும். கோபம் வந்த பக்கங்களின் மூலையை நிச்சயம் மடித்து வைத்திருப்பீர்கள். அந்த ஃபிளானகன் பிரதியையும் எடுத்து வாருங்கள். பெரியம்மாவுக்கு அந்தக் கதையை நான் இன்னும் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியை நீங்கள் சொல்லுங்கள்.